300 ரூபாயில் சென்னையா? முதலில் புளிசாதத்தைக் கணக்கில் சேருங்கள்

சேலத்துக்காரன்:
போன மாதம் தாம்பரம்வாசி இந்த இணையக் குழுவில் ஒரு கணக்குப் போட்டிருந்தார். "நானும் மனைவியும், ஒன்பது வயது மகள், நாலு வயது மகன். பகலில் எழும்பூர் மியூசியம், சாயங்காலம் கலங்கரை விளக்கம், மெரினா. மொத்தச் செலவு 300 ரூபாய்கூட இல்லை." அதற்கு ஊரே கைதட்டியது. நம்பி நானும் குடும்பத்தோடு போனேன். ஒரே நாளில் 1,460 ரூபாய் காலி. வந்து அவர் கணக்கை மறுபடி படித்தேன். ரயில் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, சுண்டல்கூட இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டை மட்டும் காணோம். கடைசி வரியில் ஓரமாக, "வீட்டிலிருந்து புளிசாதம் கொண்டுபோயிருந்தோம்." ஏன் சார், புளிசாதம் என்ன வானத்திலிருந்து விழுந்ததா?

தாம்பரம்வாசி:
அண்ணே, வீட்டிலேயே கிடந்தாலும் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடத்தானே போகிறோம்? அது வீட்டுச் செலவு. மற்றதெல்லாம் திறந்த கணக்கு. தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் பெரியவர்களுக்குப் பத்துப் பத்து, மகளுக்கு 5, மகனுக்கு டிக்கெட் கிடையாது. போக 25, வர 25. எழும்பூரிலிருந்து மெரினாவுக்குச் சாதாரணப் பேருந்து, அதில் மனைவிக்கும் மகளுக்கும் கட்டணமில்லை. மியூசியமும் கலங்கரை விளக்கமும் சேர்ந்தே நூற்றுச் சொச்சம். இதில் எதை ஒளித்தேன்?

சேலத்துக்காரன்:
புளிசாதத்தை ஒளித்தீர்கள். நல்லெண்ணெய் லிட்டர் என்ன விலை என்று தெரியுமா? வேர்க்கடலை? புளி? வெளியூர்க்காரன் லாட்ஜில் தங்கினால் எங்கே உட்கார்ந்து புளி காய்ச்சுவான்?

கோடம்பாக்கம்பெண்:
லாட்ஜ்காரருக்கு அம்மா உணவகம் இருக்கிறதே. 2013இல் தொடங்கியபோதே சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். நாங்கள் பிள்ளைகளோடு போனால் அங்கேதான் சாப்பிடுகிறோம்.

சேலத்துக்காரன்:
மேடம், நான் சாம்பார் சாதத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் எழுதியது புளிசாதம். அதற்கு மட்டும் பதில் வேண்டும்.

பழையமெட்ராஸ்:
விலையை விடுங்கள். மியூசியத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டினீர்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. 1851இல் தொடங்கியது அது. இந்தியாவில் அதற்கு மூத்தது கல்கத்தா மியூசியம்தான். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். எந்த இணைய விவாதத்தையும் விட அவர் முன்னால் பத்து நிமிடம் நிற்பது மேல். குழந்தைகளுக்கு என்றால் திமிங்கில எலும்புக்கூடு.

சேலத்துக்காரன்:
ஐயா, திமிங்கிலத்தைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். மூன்று நாளாக என் மகன் அதே பேச்சு. "வீட்டை விடப் பெரிசாப்பா? நம்ம தெரு அளவு இருக்குமாப்பா?" எழும்பூரில் இறங்கி, வெயிலில் நடந்து, வாசலுக்குப் போனால் கேட் பூட்டிக் கிடக்கிறது. காவலாளி சொன்னார், "வெள்ளிக்கிழமை லீவு சார்." பையன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டி எட்டிப் பார்த்தான். ஒரு சிவப்புக் கட்டடமும் நாலு மரமும் தெரிந்தன. "திமிங்கிலம் தூங்குதாப்பா?" என்றான். வெள்ளிக்கிழமை விடுமுறை என்று தாம்பரம்வாசி ஒரு வரி எழுதியிருக்கலாம். புளிசாதத்தை எழுத மட்டும் இடம் இருந்தது.

தாம்பரம்வாசி:
அப்படிச் சொல்லுங்கள்! கோபம் புளிசாதத்தின் மேல் இல்லை, பூட்டின கேட்டின் மேல். கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ள மாட்டீர்களா?

சேலத்துக்காரன்:
கேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேச்சை மாற்றாதீர்கள். புளிசாதம் எவ்வளவு?

கோடம்பாக்கம்பெண்:
எண்ணெய் விலை கேட்கிறீர்கள், புளி விலை கேட்கிறீர்கள். காலை நாலரை மணிக்கு எழுந்து அதைக் கிளறினது யார் என்று இரண்டு பேரில் ஒருவராவது கேட்டீர்களா? அந்தக் கூலியைச் சேர்த்தால் 300 அன்றைக்கே தாண்டிவிடும்.

தாம்பரம்வாசி:
அக்கா, எங்கள் வீட்டில் புளிக்காய்ச்சல் நான்தான் போடுவேன்.

கோடம்பாக்கம்பெண்:
நம்பிவிட்டேன்.

மதுரைமல்லி:
சேலத்து அண்ணனுடைய 1,460 எப்படி வந்தது? அவர் கணக்கையும் விரித்துவைக்கட்டும்.

சேலத்துக்காரன்:
தாராளமாக. ஓட்டலில் நாலு பேருக்குச் சாப்பாடு 640. இரண்டு ஆட்டோ, 300. தண்ணீர் பாட்டில் நாலு, 80. மெரினாவில் ராட்டினமும் குதிரையும் 200. மீதி சில்லறையாகப் போயிற்று, பஞ்சுமிட்டாய், மாங்காய்ப் பத்தை இப்படி. தண்ணீரைக்கூட ஒளிக்கவில்லை பாருங்கள்.

பழையமெட்ராஸ்:
பஞ்சுமிட்டாயா? ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியிலேயே அதற்குத் தடை போட்டார்களே. எந்த ஊர் மெரினாவுக்குப் போனீர்கள்?

சேலத்துக்காரன்:
சரி, சோன்பப்டி. சிவப்பாக ஏதோ ஒன்று. அதுவா இப்போது முக்கியம்?

மதுரைமல்லி:
சோன்பப்டி சிவப்பாக இருக்காது அண்ணே. குதிரை மேல் ஏறிவிட்டுச் சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். இரவு எங்கே தங்கினீர்கள்?

சேலத்துக்காரன்:
வில்லிவாக்கத்தில், மச்சான் வீட்டில்.

தாம்பரம்வாசி:
ஓகோ. அங்கே காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

சேலத்துக்காரன்:
இட்லி. ஏன்?

தாம்பரம்வாசி:
உங்கள் 1,460இல் இட்லியைக் காணோமே. மாவு வானத்திலிருந்து விழுந்ததா?

சேலத்துக்காரன்:
அது விருந்து! மச்சான் வீட்டு இட்லிக்குக் கணக்குப் பார்ப்பவன் மனுஷனா? விருந்தும் கட்டுச்சோறும் ஒன்றாகுமா? உங்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் என் மச்சானை இழுக்கிறீர்கள். ஏற்காடு இழையிலும் இப்படித்தான் செய்தீர்கள். ஏரியில் படகுக்கு எவ்வளவு என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஸ்ரீரங்கம்67:
ஒரு சிறு திருத்தம். பெருமாள் கோயிலில் கொடுப்பது புளியோதரை. நீங்கள் எல்லோரும் சொல்வது புளிசாதம். இரண்டும் ஒன்றில்லை. வெந்தயத்தையும் மிளகையும் வறுத்துப் பொடி பண்ணிப் போடாததை நாங்கள் டப்பாவில் கட்டுவதே இல்லை.

தாம்பரம்வாசி:
எங்கள் வீட்டில் மிளகு போடுவோம்.

சேலத்துக்காரன்:
மிளகு! பார்த்தீர்களா, இப்போது மிளகும் வருகிறது. கிலோ என்ன விலை தெரியுமா?

விழுப்புரம்ரவுண்டு:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். வருகிற செவ்வாய்க்கிழமை பிள்ளைகளோடு சென்னை வருகிறோம். கையில் 500 ரூபாய்தான் இருக்கும். கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போகலாமா?

மதுரைமல்லி:
நேற்றுக்கூட ஒருவர் மகளிர் பேருந்தை ஓசி என்று எழுதியிருந்தார். இங்கேயும் அந்த வாடை அடிக்கிறது. தாம்பரம்வாசி மனைவிக்கு டிக்கெட் இல்லை என்றதும் நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். 2021 மே மாதத்திலிருந்து அரசு கொடுக்கும் சலுகை அது. எங்கள் வரியில் ஓடும் பேருந்து.

சேலத்துக்காரன்:
நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரம்மாவும் அதில்தான் போனார். ஆனால் அரசு கொடுத்தால் கணக்கில் பூஜ்யம், அது நியாயம். புளிசாதத்தை எந்த அரசு கொடுத்தது?

கோடம்பாக்கம்பெண்:
பேருந்தில் போனாரா? அப்புறம் ஆட்டோவுக்கு 300 யாருக்கு?

சேலத்துக்காரன்:
எழும்பூர் கேட் வாசலிலிருந்து பையன் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். உங்கள் பிள்ளை உட்கார்ந்ததே இல்லையா? அவர்களைப் பேருந்தில் அனுப்பிவிட்டு நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன். திரும்பும்போதும் அதே கதை.

பழையமெட்ராஸ்:
விழுப்புரம் அன்பரே, செவ்வாய்க்கிழமை கிண்டிப் பூங்கா விடுமுறை. பக்கத்துப் பாம்புப் பண்ணையும் அப்படித்தான். வண்டலூரும் அன்றைக்கு மூடியிருக்கும். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். 2010இல் திறந்தது, நுழையக் காசு கிடையாது. குழந்தைகள் பகுதியில் பெரிய மரம் ஒன்று செய்துவைத்திருக்கிறார்கள், அதன் அடியில் உட்கார்ந்து படிக்கலாம். பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கினால் கிட்டத்தில்தான். அங்கிருந்து அதே ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையம், நடந்தால் கடற்கரை. கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி உண்டு, 1977இல் கட்டியது. ஆனால் திங்கட்கிழமை ஏற முடியாது.

விழுப்புரம்ரவுண்டு:
ரொம்ப நன்றி ஐயா. மத்தியானத்துக்கு வீட்டிலிருந்து எதையாவது கட்டிக்கொண்டு வருகிறோம்.

சேலத்துக்காரன்:
எதைக் கட்டப் போகிறீர்கள்?

விழுப்புரம்ரவுண்டு:
எலுமிச்சை சாதம் சார்.

சேலத்துக்காரன்:
எலுமிச்சை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று வந்து எழுதுங்கள். சிலரைப் போல ஒளிக்காதீர்கள்.

தாம்பரம்வாசி:
அப்படியே மச்சான் வீட்டு இட்லி எத்தனை என்பதையும் ஒருவர் எழுதட்டும்.

சேலத்துக்காரன்:
ஆறு. சட்னி தனி. போதுமா? இப்போது புளிசாதம் எவ்வளவு?