பழைய கணக்கு நோட்டுல பென்சில் எழுத்து: மனசுகிட்ட இருந்து உண்மையை வாங்கறது எப்படிங்க?

கேட்பவர்: ஓவர்லாக்காரன், திருப்பூர்

வீடு மாத்தறப்ப பரண்ல 2016-ஆம் வருஷத்துக் கணக்கு நோட்டு கிடைச்சுதுங்க. அப்ப நானும் மச்சினனும் பங்குல நாலு ஓவர்லாக், ரெண்டு பிளாட்லாக் தையல் மிஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது கம்பெனிங்க கொடுக்கற பீஸைக் கூலிக்குத் தச்சுக் கொடுக்கற வேலை, பண்ணிட்டிருந்தோம். பொண்டாட்டி நகை எட்டுப் பவுனை அடகு வச்சு ஆரம்பிச்சது. 2017 முடியறதுக்குள்ள மிஷினை எல்லாம் வித்தாச்சு.

யார் கேட்டாலும் எங்கிட்ட ஒரே பதில்தான். நவம்பர் 8-ல நோட்டு செல்லாதுன்னாங்க, அடுத்த ஜூலை 1-ல ஜிஎஸ்டி, வசூலுக்குப் போக வேண்டிய மச்சினன் தூங்கிட்டான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். அவன்கூட பேச்சு நின்னுபோச்சு. பாப்பாவுக்குக் காது குத்தறப்ப சொந்தத் தாய்மாமன் இருந்தும், பொண்டாட்டியோட சித்தப்பா மகன் மடியில உக்கார வச்சோம். அன்னைக்கு அவ முகத்தை நான் பார்க்கவே இல்லை.

நோட்டுல ஆகஸ்ட் 20, சனிக்கிழமை சம்பளக் கணக்குக்குக் கீழ அவன் பென்சில்ல எழுதியிருக்கான்: "மாமா, இந்தக் கம்பெனிக்கு இனி பீஸ் எடுக்க வேண்டாம். பழைய பில் பாஸ் ஆகட்டும்." அடுத்த பக்கத்துல இருந்து, என் கையெழுத்துல, அதே கம்பெனிக்கு ஆறு லாட்.

ராத்திரி படுத்தா உள்ளுக்குள்ள பேச்சு ஓடுது. "இதைப் படிச்சியா?" "சம்பள அவசரத்துல பார்த்திருக்க மாட்டேன்." "பக்கத்தைத் திருப்பினது யாரு?" "தீபாவளி நேரம், யாரா இருந்தாலும் எடுத்திருப்பாங்க." இப்படியே போயி கடைசில தெனமும் நான் ஜெயிச்சுடறேன். அதுதான் சந்தேகமா இருக்குதுங்க.

பதில்: குடியை விட்டவன், மதுரை

அண்ணே, நான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்ல இருக்கேன், குடியை விட ஒருத்தருக்கொருத்தர் துணையா நிக்கறவங்க அமைப்பு. 1935-ல அமெரிக்காவுல ரெண்டு குடிகாரங்க ஒருத்தருக்கொருத்தர் மனசு விட்டுப் பேசுனதுல ஆரம்பிச்சது. பன்னெண்டு படியில நாலாவது, நம்மளைப் பத்தி நாமளே கணக்கெடுத்து எழுதறது. அஞ்சாவது, அதை இன்னொரு மனுஷன்கிட்ட சொல்றது. நான் எழுதுனதுல மூணு பக்கம் எங்க அப்பா, ஒரு பக்கம் ஆபீசு. ஸ்பான்சர், அதாவது எனக்கு வழிகாட்டற மூத்த மெம்பர், முழுசாக் கேட்டுட்டு, "இதுல உங்க பேரு எங்கயும் வரலையே"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டாரு. படுத்துக்கிட்டே பேசுனா நழுவத்தான் செய்யும். எழுதுங்க, ஒரு ஆள்கிட்ட வாசிச்சுக் காட்டுங்க.

பதில்: செக்கிங் மேஸ்திரி, திருப்பூர்

எல்லாத்தையும் தூக்கித் தலைல போட்டுக்காதீங்கண்ணா. அந்த நவம்பர்ல நானும் இங்கதான் இருந்தேன். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாம எத்தனை பேரு ஆள்களை வீட்டுக்கு அனுப்பினாங்க. பழைய ஐநூறை வாங்கிட்டு வேலைய விட்டு பேங்க் வாசல்ல நின்ன டெய்லர்க எத்தனை பேரு. அதுவும் நிஜந்தான். ஆனா உங்க நோட்டுல தேதி இருக்குதல்ல? அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 29. நவம்பர் 8-க்கு முன்னால எவ்வளவு பணம் வராம நின்னுச்சு, பின்னால எவ்வளவுன்னு ரெண்டாப் பிரிச்சுக் கூட்டிப் பாருங்க. மனசு மழுப்பும், கூட்டல் மழுப்பாது.

பதில்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்', 'நெஞ்சொடு புலத்தல்' என்று இரண்டு அதிகாரங்கள், 125-ம் 130-ம். காதல் துன்பத்தில் நெஞ்சோடு பேசுவதும் சண்டை பிடிப்பதும்தான் பொருள். அந்த இருபது பாட்டிலும் நெஞ்சு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்வதில்லை. தம்பி, உங்கள் நெஞ்சு ரொம்பப் பேசுகிறது.

பதில்: ஓவர்லாக்காரன்

ஐயா சொன்னது நல்லாத் தச்சுது. நேத்து உக்காந்து கூட்டினேனுங்க. நவம்பர் 8-க்கு முன்னாடியே அந்தக் கம்பெனில நின்னது 3,10,000. அப்புறம் எல்லாப் பார்ட்டியும் சேர்த்து 1,20,000. மேஸ்திரி, ரெண்டாவது தொகைக்கு இனி நான் அழ மாட்டேன்.

முதல் தொகைக்குக் காரணம் எழுதறப்ப வேற ஒண்ணு வந்துச்சு. அந்தக் கம்பெனி மேனேஜர் என்னை ஏசி ரூம்ல உக்கார வச்சு, "வாங்க முதலாளி"ம்பாரு. அதுக்கு முன்னாடி பத்து வருஷம் பீஸ் ரேட்டுக்குத் தச்ச ஆளு நான். என்னை வேற யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லைங்க. பென்சில் எழுத்தை நான் படிச்சேன். படிச்சுட்டுத்தான் எடுத்தேன்.

இதைப் பொண்டாட்டிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவ நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தையே பார்த்துட்டிருந்தா. "அப்பவே அவன் எங்கிட்ட சொன்னான்"னா. இத்தனை வருஷம் ஏன் சொல்லலைன்னு நான் கேட்கலை.

ஞாயித்துக்கிழமை கோபிக்கு அவன் வீட்டுக்குப் போறோம். நோட்டை எடுத்துட்டுப் போகணுமான்னு யோசிச்சுட்டிருந்தேன். காலைல பார்த்தா, பையில பாப்பா துணிக்கு அடில அவளே வச்சிருக்கா.