செயற்கை நுண்ணறிவு மாணவருக்குக் கணினிக் கட்டமைப்புப் பாடம் தேவையா?

கீழடுக்கு:
செயற்கை நுண்ணறிவைத் தனிப் பட்டப்படிப்பாகப் பயில்வோருக்குக் கணினிக் கட்டமைப்பு (செயலியும் நினைவகமும் உள்ளே இயங்கும் விதம்) வேண்டியதில்லை என்று தரவுமொழி எழுதியிருப்பதை நான் முற்றாக மறுக்கிறேன். 2012இல் டொராண்டோவில் கிரிஷெவ்ஸ்கி, சுட்ஸ்கேவர், ஹின்டன் ஆகிய மூவரும் உருவாக்கிய, படங்களை இனங்காணும் நரம்பு வலையமைப்பான அலெக்ஸ்நெட், தலா 3 ஜிபி நினைவகமுள்ள இரண்டு ஜிபியு (வரைகலைச் செயலி) அட்டைகளில் பயிற்றுவிக்கப்பட்டது. ஒரே அட்டையில் அடங்காத வலையமைப்பை இரண்டாகப் பிரித்து, குறிப்பிட்ட சில அடுக்குகளில் மட்டுமே அட்டைகள் தரவைப் பரிமாறிக்கொள்ளும்படி அவர்கள் அமைத்தார்கள். வன்பொருளின் எல்லையை அறியாதவர்களுக்கு இவ்வமைப்பு தோன்றியிருக்காது.

தரவுமொழி:
அன்று அவர்கள் ஜிபியு நிரலைத் தாங்களே எழுத வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையைப் பைடார்ச் என்னும் ஆயத்த நிரல் தொகுப்பு ஏற்றுக்கொண்டுவிட்டது. நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல் ஆகியவற்றை ஆழமாகக் கற்கவே எட்டுப் பருவங்கள் போதாதபோது, பைப்லைன் இடர்களை (செயலி பல கட்டளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இயக்கும்போது எழும் சிக்கல்களை) மனப்பாடம் செய்யச் சொல்வது மாணவரின் நேரத்தைப் பறிப்பதாகும். தரவில் உள்ள ஒருபக்கச் சாய்வை எந்தச் சில்லும் காட்டிக்கொடுக்காது. அதற்குப் புள்ளியியல்தான் வேண்டும்.

சரிபார்ப்பாளர்:
சில்லுச் சரிபார்ப்பில் பணிபுரிபவன் என்ற முறையில், தனித்துறைகளின் ஆழத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் 1994இல் வெளிப்பட்ட, இன்டெல்லின் பென்டியம் செயலியின் வகுத்தல் பிழையை நினைத்துப் பாருங்கள். வகுத்தலுக்காகச் சில்லுக்குள் பதிக்கப்பட்ட அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டதால் நேர்ந்த அந்தப் பிழைக்காக இன்டெல் 47.5 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. அதை உலகறியச் செய்தவர் இரட்டைப் பகா எண்களை (11, 13 போல இரண்டு வேறுபாடுள்ள பகா எண் இணைகளை) ஆராய்ந்துகொண்டிருந்த தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர். விடை பிசகியபோது தம் நிரல், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் முதலியவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் செயலியையே ஐயுறும் அளவுக்கு அவருக்குக் கணினி தெரிந்திருந்தது.

கீழடுக்கு:
நரம்பு வலையமைப்புகளுக்கென்றே கூகுள் வடிவமைத்த சில்லான டிபியுவின் முதல் பதிப்பு இன்னும் நேரடியான சான்று. அதில் 256 வரிசை, 256 நிரலாக அடுக்கப்பட்ட 65,536 பெருக்கிகள் 8 பிட் எண்களையே கையாளுகின்றன. வலையமைப்பு பயிற்சியில் கற்ற எண்களான எடைகளை 32 பிட்டிலிருந்து 8 பிட்டுக்குக் குறைத்தால் துல்லியம் எவ்வளவு சரியும் என்ற கேள்வியைப் புள்ளியியலும் கட்டமைப்பும் சேர்ந்தே தீர்க்க முடியும்.

தரவுமொழி:
எண் வடிவங்களையும் நினைவக அலைவரிசையையும் (நினைவகத்திலிருந்து நொடிக்கு எவ்வளவு தரவு வந்துபோகும் என்பதையும்) ஒரு பருவத்தில் கற்பிப்பதற்கு நான் உடன்படுகிறேன். முழுக் கட்டமைப்புப் பாடத்தைக் கட்டாயமாக்குவதை இன்னமும் எதிர்க்கிறேன்.

கீழடுக்கு:
பைப்லைனை விட்டுவிடலாம், செயலிக்கு அருகிலுள்ள சிறிய, வேகமான கேஷ் நினைவகத்தை விட முடியாது. அணிப் பெருக்கலில் மூன்று சுழல்களின் வரிசையை மாற்றினாலே வேகம் பல மடங்கு மாறுவது ஏன் என்பதை ஒவ்வொரு மாணவரும் தாமே அளந்து பார்க்க வேண்டும்.