முன்பள்ளி மதிலும் வளைவுக் காசும்

அன்புள்ள ஊரவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வெளிநாடுகளில் இருக்கும் நாங்கள் சங்கத்தில் சேர்த்த காசில், வன்னியில் எங்கள் ஊர் வாசலில் அலங்கார வளைவு கட்டுவது பற்றி இரண்டு கிழமையாக இந்த மடற்குழுவில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் வாசித்தேன். அந்தச் சண்டைக்குள் புக எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஆவணியில் ஊரில் மூன்று கிழமை நின்றுவிட்டு வந்தவன் என்ற முறையில், அங்கே கண்டதைச் சொல்லிவிட்டு என் வாக்கைப் போடுகிறேன். மடல் எப்பன் நீளும், தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

குளக்கட்டுப் பாதை இறங்கும் இடத்தில் முன்பள்ளியின் மதில் இருக்கிறதல்லவா, 40 அடி வரும். 2019 கடைசியில் நாடு முழுக்கப் பெடியள் வாளியும் தூரிகையுமாகத் திரிந்து சுவரெல்லாம் படம் கீறினார்களே, அந்த அலையில் அதிலும் ஒரு மயில் வந்தது. இரண்டு மாரி தாங்கியது. பிறகு தோகை உரிந்து, கழுத்துப் பக்கம் பூச்சோடு கழன்று, இப்போது அடைக்கு இருக்கிற கோழி மாதிரி இருக்கிறது. யார் கீறினது, ஏன் மயில் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எந்த ஊர்ச் சுவரிலும் இருக்கக்கூடிய மயில் அது.

இந்த முறை முன்பள்ளி ரீச்சரும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்து முடித்து வேலைக்குக் காத்திருக்கும் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனும் சேர்ந்து வேறு மாதிரித் தொடங்கியிருக்கிறார்கள். தூரிகையை இன்னும் தொடவே இல்லை. பின்னேரங்களில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையான பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக, ஒரு போனை எடுத்துக்கொண்டு, வயதான ஒருவரின் வீட்டுக்குப் போகிறார்கள். ஒரே ஒரு கேள்விதான்: "முந்தி ஊரில இருந்து இப்ப இல்லாத ஒரு சாமானைப் பற்றிச் சொல்லுங்கோ."

முதல் நாள் "ஊரின்ர வரலாறைச் சொல்லுங்கோ" என்றுதான் கேட்டார்களாம். அப்பு சால்வையைச் சரிசெய்து நிமிர்ந்து இருந்து, "வீரம் விளைந்த வன்னி மண்ணிலே" என்று மேடைப்பேச்சுத் தொடங்கிவிட்டார். மூன்று நிமிடத்தில் வரலாறு முடிந்தது. அடுத்த நாள் அதே அப்புவிடம் சாமானைக் கேட்டார்கள். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக் கதவைத் தூக்கும் இரும்புத் திருகுகோலில் தொடங்கி, அது யார் வீட்டில் இருந்தது, இராவில் களவாய்த் தண்ணீர் திறந்தவர்கள் யார் யார் என்று ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். (பெயர்களும் சொன்னார். அதில் இரண்டு பேரின் மக்கள் இந்த மடற்குழுவில் இருக்கிறார்கள். பயப்படாதீர்கள், மதிலில் வராது.)

நான் கூடப் போனது கிழக்கு வளவு ஆச்சி வீட்டுக்கு. ஆச்சி நெற்கதிரைச் சூடடிக்கும் களத்தைப் பற்றிச் சொன்னார். களத்துக்குள் கால் வைத்தால் வீட்டுப் பேச்சுப் பேசக்கூடாது. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி. கடகத்தைக் கடகம் என்னாமல் பெருவாயன் என்பார்கள். உள்ள பேரைச் சொன்னால் பூதம் கேட்டுக்கொண்டு வந்து விளைச்சலை அள்ளிப்போய்விடும் என்ற பயம். இதைச் சொல்லும்போது ஆச்சி குரலைத் தாழ்த்தினார். சூடடிக்கும் மெசின் வந்து, களமே இல்லாமல் போய் எத்தனையோ காலம். அந்தப் பூதம் இன்னும் வேலிக்கு அப்பால் நிற்கிற மாதிரித்தான் இருந்தது அவர் கதைத்த விதம்.

போனவர்களில் சின்னவன் ஏழாம் வகுப்பு. மற்ற நாளே படம் கீறிக்கொண்டு வந்துவிட்டான். களத்தின் நடுவில் ஒரு பெரிய உருவம், வாய் காது வரைக்கும் பிளந்து, வாய்க்குள் நெல் மலை. "இதுதான் பெருவாயன்" என்றான். ஆச்சி கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மடியில் இருந்த பாக்குரலைக் கீழே வைக்க வேண்டிவந்தது. "டேய், அது பனையோலைக் கடகமடா!" உள்ளே போய், விளிம்பு பிய்ந்த ஒரு கடகத்தைக் கொண்டுவந்து அவன் தலையில் கவிழ்த்தார். அவன் கடகத்துக்குள் இருந்தபடியே கேட்டான்: "அப்ப பூதத்துக்கு என்ன பேர் ஆச்சி?"

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "அதின்ர பேரை ஒருத்தரும் சொன்னதில்லை."

சித்திரம் படித்த பெடியன் அந்தப் படத்தைத் திருத்தவில்லை. கடகத்துக்குக் கண்ணும் காலும் வைத்து, ஓலைப் பின்னல் தெரிய, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற மாதிரி மாதிரிப்படம் கீறியிருக்கிறான். ஆச்சியின் கடகமும் சின்னவனின் பூதமும் ஒரே உருவத்தில். அதைப் பார்த்தபோதுதான் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகப் போகவில்லை. குளக்கட்டு உடையப் பார்த்த கதையில் இரண்டு கிழவர்கள் முகம் முறித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அது 1957 மார்கழி வெள்ளம். மற்றவருக்கு 1964 மார்கழிப் புயல், தனுஷ்கோடியை அழித்த அதே புயல். குளக்கட்டில் முதல் மண்மூட்டை வைத்தது தன்னுடைய ஐயாதான் என்று இருவரும் நிற்கிறார்கள். ரீச்சர் தீர்ப்புச் சொல்லப் போகவில்லை. மதிலில் இரண்டு வெள்ளமும் வரும், ஒன்று செம்மண் நிறம், மற்றது கருநீலம். நடுவில் ஒரே குளக்கட்டு. கட்டின் மேல் மூட்டை சுமக்கும் ஆட்களின் முதுகு மட்டும் தெரியும். யாருடைய ஐயா என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

இதை வாசிக்கும் எத்தனை பேரிடம் 1990க்கு முந்திய ஊர்ப் படம் ஒன்று இருக்கிறது? என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் அடையாள அட்டைக்கு எடுத்தது. 2009இல், போரின் கடைசியில், அம்மா எங்கள் வீட்டு அல்பங்களை ரங்குப்பெட்டியோடு வளவுக்குள் புதைத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டார். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பிப் போய்த் தோண்டியபோது தண்ணீர் ஊறி, படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி இருந்தன. பிரித்தால் முகம் மற்றப் படத்தோடு போய்விடுகிறது. அம்மா இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறார். எங்கள் ஊருக்கு மிச்சம் இருக்கும் அல்பம் இந்தக் கிழவர் கிழவிகளின் வாய்தான்.

இனி வளைவுக்கு வருகிறேன். குழுவில் அனுப்பிய மாதிரிப்படத்தில் வன்னியின் கடைசி அரசன் பண்டாரவன்னியன் குதிரையில் வருகிறார், முறுக்கு மீசை, சினிமாக் கவசம். கீழே நன்கொடையாளர் பெயர்கள், தொகை வரிசைப்படி. கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் வைத்த கல், 1803 ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவரை அவ்விடத்தில் தோற்கடித்தான் என்று சொன்னது. முகம் எப்படி என்று அது சொல்லவில்லை. அரசனைக் கீறக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளைகள் பதிந்து வைத்திருப்பதைக் கேட்டுப் பாருங்கள். அரசனைவிட அடிக்கடி வருகிறவள் நாட்டார் கதைகளில் வரும் அரியாத்தை, வேலப்பணிக்கனின் மனைவி, ஒருவராலும் பிடிக்க முடியாத யானையைத் தானே கட்டிக்கொண்டு வந்தவள். ஆச்சிமாருக்கு அவள் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. ஒருவர் அவள் வெற்றிலை போடும் விதத்தைக்கூட நடித்துக் காட்டினார்.

யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், கிளிநொச்சியில் குண்டு துளைத்த சிமெந்துக் கட்டிக்கு மேல் தாமரை பூக்கும், இராணுவம் வைத்த போர் வெற்றி நினைவுச்சின்னம். அது எங்களைக் கேட்டு வைத்ததா? அதைப் பற்றி நாங்கள் வருடக்கணக்காகக் குறை சொல்கிறோம், சரி. இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு, அங்கே இருக்கிறவர்களைக் கேட்காமல், ஊர் வாசலில் என்ன நிற்க வேண்டும் என்று நாங்கள் முடிவெடுக்கிறோம். எனக்கு இது உறுத்துகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. வாய்க்காலுக்கு மேற்கே இருப்பவர்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள். எங்கள் சங்கத்து அங்கத்தவர் பட்டியலில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லை. "பழைய ஊரவர்" என்று எழுதும்போது நாங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ரீச்சரின் பிள்ளைகள் அந்தப் பக்கமும் போனார்கள். இல்லாமல் போன சாமான் எது என்று கேட்க, ஒரு பாட்டி தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சொன்னார். தோட்டத்திலிருந்து முதுகில் போட்டுக்கொண்டு வந்த கூடை, இங்கே வந்து கத்தரிக்காய் சுமந்திருக்கிறது. மாதிரிப்படத்தில் ஆச்சியின் கடகத்துக்குப் பக்கத்தில் அந்தக் கூடை நிற்கிறது. அதற்கும் கண் இருக்கிறது.

போன வருடம் லொஸ் ஏஞ்சல்சில் மச்சாள் வீட்டுக்குப் போனபோது, வெள்ள வாய்க்காலின் கொங்கிறீட் சுவர் ஒன்றில் அரை மைல் நீளத்துக்கு ஓவியம் கண்டேன். ஜூடித் பாக்கா என்ற ஓவியர் 1976இல் தொடங்கியது. 400க்கு மேற்பட்ட இளம் பிள்ளைகள் சேர்ந்து, பாடப்புத்தகத்தில் இல்லாத கறுப்பர், மெக்சிக்கர், யப்பானியர் கதைகளையெல்லாம் கேட்டு, பல கோடை விடுமுறைகளில் கீறியிருக்கிறார்கள். வெயில் குடித்த வண்ணங்களைத் திரும்பவும் பூசி முடித்தது 2011இல். அவ்வளவு பெரிய இடத்திலேயே திருத்தக் காசு தேட வேண்டியிருந்ததென்றால், எங்கள் மதிலுக்கும் பராமரிப்புக் காசு ஒதுக்கத்தான் வேண்டும்.

மதிலின் வேலையைப் பற்றி மேசன் சொன்னதையும் எழுதுகிறேன். மயிலை அழித்தது மழையைவிட அடியிலிருந்து ஏறிய ஈரம். பழைய பூச்சை உரித்து, தலைக்குச் சாய்வாக மூடி வைத்து, புதுச் சிமெந்துப் பூச்சை 28 நாளாவது விட்டு, பிறகுதான் பெயின்ற். அவசரப்பட்டால் உப்புப் பூத்துத் தள்ளிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னர் எல்லாம் முடிய வேண்டும், ஆகவே மாசியில் தொடங்குவதுதான் புத்தி. அடிப்பக்கம் இரண்டு அடிக்குப் பெயின்ற் எப்படியும் நிற்காது என்றார். அதற்கு ரீச்சரின் அம்மா ஒரு வழி சொன்னார்: அந்த இரண்டு அடியையும் செம்மண்ணும் சாணமும் குழைத்து மெழுகிவிடுவது, கை அரைவட்டமாகப் போன தடம் தெரிய, முந்தி மண்வீட்டுக்கு மெழுகின மாதிரி. உரிந்தால் உரியட்டும், ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பெண்டுகள் சேர்ந்து புதுப்பிப்பார்கள்.

என்னுடைய வாக்கு இது. வளைவு ஒரு வருடம் பொறுக்கட்டும். சேர்ந்த காசில் மதில் பூச்சுக்கும், பெயின்றுக்கும், அந்தப் பெடியனின் கூலிக்கும் கொடுப்போம். கூலி என்று அழுத்திச் சொல்கிறேன், "ஊர்ப் பிள்ளைதானே, சும்மா கீறுவான்" என்று யாரும் எழுத வேண்டாம். பிரதேச சபை அனுமதிக்கு ரீச்சர் கடிதம் கொடுத்துவிட்டார். மதிலில் எங்கள் பெயர் ஒன்றும் வராது. அதில் கோபப்படுகிறவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கலாம்.

அறுபது வயது தாண்டியவர்கள் இங்கேயும் கன பேர் இருக்கிறீர்கள். அதே கேள்விதான் உங்களுக்கும். ஒரு சாமான், ஒரு கதை, வட்ஸ்அப்பில் குரலாய் அனுப்புங்கள். எழுத வேண்டாம், எழுதினால் மேடைப்பேச்சு வந்துவிடும்.

பி.கு.: குளம் நிரம்பி வான் பாயும் இடத்து மருதமரத்தில் முதலில் தேன்கூடு இருந்ததா, குரங்குக் கூட்டம் இருந்ததா என்று ஊரில் இழுபறி. கேட்டு வரச் சொன்னார்கள். லண்டன் சின்னமாமா, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த மரத்திலிருந்து விழுந்தவர் நீங்கள் ஒருவர்தான்.