சிலிகான் அச்சில் சோப்பு ஒட்டிக்கொள்கிறது, ரோஜா இதழ்கள் பிய்ந்து வருகின்றன

முத்துநகர் மலர்:

வணக்கம். வீட்டுக்கு வேண்டிய குளியல் சோப்பை நானே செய்கிறேன். பட்டர் பேப்பர் விரித்த மரப்பெட்டியில் ஊற்றி, மறுநாள் துண்டு போடுவேன். நன்றாகவே வந்துகொண்டிருந்தது. இப்போது அக்கா மகள் வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் வைக்க ரோஜாப்பூ வடிவில் வேண்டும் என்று சிலிகான் அச்சு 2 வாங்கினேன். ஒவ்வொன்றிலும் 6 குழி.

அளவு பழைய அளவுதான்: தேங்காய் எண்ணெய் 250 கிராம், ஆலிவ் எண்ணெய் 200, விளக்கெண்ணெய் 50, காஸ்டிக் சோடா 73, தண்ணீர் 190. ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். மறுநாள் எடுத்தால் வெண்ணெய் மாதிரி குழைகிறது. இதழ் முனைகள் அச்சிலேயே தங்கிவிடுகின்றன. பின்பக்கம் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. அச்சில் எண்ணெய் தடவிப் பார்த்தேன், பயன் இல்லை. மட்டமான அச்சை வாங்கிவிட்டேனா? வளைகாப்புக்கு இன்னும் 2 மாதம் இருக்கிறது.

காவிரிக்கரை:

மலர் கண்ணு, அச்சைக் குறை சொல்லாதே. உன் அளவிலும் தப்பில்லை. மரப்பெட்டிக்குச் சரியான அளவு சிலிகானுக்குச் சரிப்படவில்லை, அவ்வளவுதான்.

மரமும் காகிதமும் கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிலிகான் ஒரு சொட்டுக்கூட இழுக்காது. ஊற்றிய தண்ணீர் முழுக்க சோப்புக்குள்ளேயே நிற்கிறது. இன்னொன்று சூடு. பெட்டியில் முக்கால் கிலோ கலவை ஒரே கட்டியாக இருப்பதால் காஸ்டிக்கும் எண்ணெயும் வினைபுரியும்போது உள்ளே சூடு ஏறி, கூழ் மாதிரி கண்ணாடிப் பதத்துக்கு வந்து, பிறகு இறுகும். அறுபது எழுபது கிராம் பிடிக்கும் சின்னக் குழியில் அந்தச் சூடு நிற்காது. அதனால் வினையும் மெதுவாக நடக்கிறது. மறுநாள் நீ தள்ளி எடுத்தது பாதி வெந்த சோப்பு.

முதலில் தண்ணீரைக் குறை. காஸ்டிக்கின் எடையைப்போல் 2 மடங்கு போதும். 73 கிராமுக்கு 146. உன் கணக்கில் 44 கிராம் தண்ணீர் கூடுதலாக நிற்கிறது. அந்தத் தண்ணீரில் காஸ்டிக் போடுவதற்கு முன்பே 5 கிராம் உப்பைக் கரைத்துவிடு. சோப்பு சீக்கிரம் கெட்டிப்படும். அதற்கு மேல் உப்பு போட்டால் நுரை குறையும்.

ஆலிவ் எண்ணெய் இறுகுவதற்கு நாளாகும். பூ வடிவத்துக்கு நான் தேங்காய் எண்ணெயைக் கூட்டுவேன்: தேங்காய் 300, ஆலிவ் 150, விளக்கெண்ணெய் 50. எண்ணெயை மாற்றினால் காஸ்டிக்கையும் திரும்பக் கணக்குப் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் கிராமுக்கு 0.183 கிராம் காஸ்டிக், ஆலிவ் 0.135, விளக்கெண்ணெய் 0.128 என்று பெருக்கிக் கூட்டினால் 81.5 வருகிறது. தேங்காய் எண்ணெய் 60 சதவீதம் இருந்தால் தோல் வறளும் என்பதால் அந்தக் காஸ்டிக் கணக்கில் 8 சதவீதம் கழித்துவிடு. 75 கிராம் காஸ்டிக், 150 கிராம் தண்ணீர். எல்லாமே எடைதான், மில்லி இல்லை. ஒரு தடவை இணையத்தில் இருக்கும் சோப் கால்குலேட்டரிலும் போட்டுச் சரிபார்த்துக்கொள்.

தண்ணீர் குறைந்தால் கலவை சீக்கிரம் கெட்டியாகும். ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டுப் போடு. நீர்த்த தோசை மாவுப் பதத்திலேயே நிறுத்து. அதைவிடக் கெட்டியானால் இதழ் நுனிக்குள் இறங்காது, காற்று அடைத்துக்கொள்ளும். அச்சை ஒரு தட்டில் வைத்த பிறகு ஊற்று, வெறுமனே தூக்கினால் நெளிந்து கொட்டிவிடும். ஊற்றியதும் தட்டை நாலு தட்டு தட்டு.

அப்புறம் சூடு. தெர்மகோல் பெட்டி இருந்தால் தட்டோடு உள்ளே வைத்து மூடி, மேலே பழைய போர்வையைப் போட்டு ஒரு நாள் திறக்காமல் விடு. பின்பக்க வெள்ளைப் பொடி, வினையாகாத காஸ்டிக் காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உண்டானது. மூடி வைத்தால் அதுவும் குறையும். வந்தாலும் பயமில்லை, ஆவியில் காட்டித் துடைத்தால் போய்விடும்.

2 அல்லது 3 நாள் கழித்துத் தொட்டுப் பார். இன்னும் குழைந்தால் ஃப்ரீசரில் மூன்று நான்கு மணி நேரம் வைத்து, வெளியே எடுத்த கையோடு தள்ளிவிடு. முதலில் குழியின் ஓரத்தைச் சுற்றிலும் வெளிப்பக்கமாக இழு, காற்று உள்ளே போகட்டும். பிறகு அடியிலிருந்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்து. வேர்த்திருக்கும், துடைக்காதே, இதழ் மழுங்கிவிடும். கையுறையோடு எடுத்து ஃபேன் காற்றில் வை. எண்ணெய் தடவுவதை நிறுத்து. அது வினையாகாத காஸ்டிக்கோடு சேர்ந்து மேலே இன்னும் ஒரு கொழகொழப்பான படலம்தான் உண்டாக்கும்.

அடையாறு காற்று:

ஃப்ரீசரில் வைக்கச் சொல்வது சரியா அக்கா? நான் காஸ்டிக் பக்கமே போவதில்லை. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கிளிசரின் சோப் பேஸை உருக்கி இதே மாதிரி அச்சில்தான் ஊற்றுகிறேன். ஃப்ரீசரில் வைத்தால் மேலெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கிறது. சென்னைக் காற்றில் அது காயவே காயாது.

காவிரிக்கரை:

தம்பி, பேஸுக்கு நீங்கள் சொல்வது சரி. அதில் கூடுதலாகச் சேர்த்திருக்கும் கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சாதாரண அறையிலேயே ஆறவிட்டு, எடுத்தவுடன் கிளிங் ஃபிலிம் சுற்றிவிடுங்கள். மலர் செய்யும் சோப்பு இன்னும் 4 முதல் 6 வாரம் காற்றில் காயப்போகிறது. மேலே நிற்கும் ஈரம் அதற்குள் போய்விடும்.

முத்துநகர் மலர்:

ரொம்ப நன்றி அக்கா. தண்ணீரைக் குறைக்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் கொஞ்சம் கேட்கிறேன். மஞ்சள் போட்டதும் கலவை சிவப்பாகிவிட்டது. பயன்படுத்தலாமா? அம்மாவிடம் பெரிய அலுமினியச் சட்டி இருக்கிறது, அதில் கலக்கலாமா? சோப்பு வேலை முடிந்ததும் இதே அச்சில் பிள்ளைகளுக்குக் குல்ஃபி ஊற்றலாமா?

காவிரிக்கரை:

அலுமினியம் வேண்டவே வேண்டாம் கண்ணு. இதை அழுத்திச் சொல்கிறேன். காஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும், சூடாகிப் பொங்கும், ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பிடிக்கக்கூடிய வாயு. எவர்சில்வர் பாத்திரம்தான். தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றாதே. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல் எல்லாம் வேண்டும். தோலில் பட்டால் வினிகரைத் தேடாமல் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவு. தூத்துக்குடி ஈரக்காற்றில் டப்பாவைத் திறந்து வைத்தால் காஸ்டிக் நீர்விட்டு எடைக்கணக்கு கெட்டுவிடும், மூடியை இறுக்கி வை.

மஞ்சள் காரத்தில் சிவக்கும். குங்குமம் செய்வதும் அந்தக் குணத்தை வைத்துத்தான். சோப்பு காயக் காயச் சிவப்பு தணிந்து, வெளிர் ஆரஞ்சு அல்லது மஞ்சளில் நிற்கும். தாராளமாகப் பயன்படுத்து. ஆனால் வேப்பிலைப் பொடியை நம்பிப் பச்சை ரோஜா செய்யாதே, நாளானால் பழுப்பாகிவிடும்.

குல்ஃபிக்கு வேறு அச்சு வாங்கு. சிலிகான் வாசனையை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. சோப்பு அச்சின் பின்னால் மார்க்கரில் 'சோப்பு' என்று எழுதி, சமையலறைக்கு வெளியே வை.

2 மாதம் என்கிறாய். இந்த வாரமே ஊற்றிவிடு, 6 வாரம் காய்ந்தாலும் கையில் நாள் மிச்சம் இருக்கும். முதலில் பாதி அளவு மட்டும் கலந்து ஒரே அச்சில் பார்: எண்ணெய் 250, காஸ்டிக் 37.5, தண்ணீர் 75, உப்பு 2.5. அரைக் கிராம் காட்டாத தராசாக இருந்தால் 37 போடு, 38 வேண்டாம். எண்ணெய் கொஞ்சம் மிஞ்சலாம், காஸ்டிக் மிஞ்சக் கூடாது.