தேக்கில் ஆழமான துளை போட எந்த ரவுட்டர் வாங்கலாம்?

கையில் பிடித்து ஓட்டும் ரவுட்டர் (சுழலும் வெட்டுமுனையால், அதாவது பிட்டால், மரத்தைக் குடையும் மின்கருவி) ஒன்று வாங்க வேண்டும். எதை எடுப்பது என்று ஒரு மாதமாக முடிவுக்கு வர முடியவில்லை.

இப்போது இருப்பது 700 வாட் டிரிம்மர், அதாவது சின்ன ரவுட்டர். 6 மி.மீ. காலட் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் கவ்வி), நிமிடத்துக்கு 30,000 சுற்று, வேகத்தைக் குறைக்க வழி கிடையாது. விளிம்பை உருட்டவும் லேமினேட் சீவவும் அருமையான கருவி, இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை. தேக்கில் மேஜை செய்ய இறங்கியபோதுதான் சிக்கல். கால்களில் சட்டம் சொருக 12 மி.மீ. அகலம், 35 மி.மீ. ஆழத்தில் துளை வேண்டும். 15 மி.மீ. தாண்டியதும் மோட்டார் திணறுகிறது, மரம் கருகுகிறது. அதைவிடக் கவலை, பிட் காலட்டிலிருந்து மெல்ல நழுவி இறங்குகிறது. ஒரு கால் அப்படியே பாழாகிவிட்டது.

புது கார்பைடு பிட் போட்டேன். காலட்டையும் நட்டையும் தூசி போகத் துடைத்தேன். தண்டை முழுக்க உள்ளே விட்டு, 2 மி.மீ. வெளியே இழுத்த பிறகுதான் இறுக்குகிறேன். ஒரு ஓட்டத்துக்கு 2 மி.மீ.க்கு மேல் இறக்குவதில்லை. முதலில் டிரில் போட்டு மரத்தை எடுத்தும் பார்த்தேன்; கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

பார்த்து வைத்தது இரண்டு. ஒன்று 1,600 வாட் பிளஞ்ச் ரவுட்டர் (பிட்டை மேலிருந்து மரத்துக்குள் அழுத்தி இறக்கும் வகை), 12 மி.மீ. காலட், கிட்டத்தட்ட 6 கிலோ. மற்றது 1,100 வாட், 8 மி.மீ. காலட், எடை பாதிதான். இரண்டிலும் வேகத்தை மாற்றலாம். 50 மி.மீ. அகலக் காலின் மேல் பெரியது ஆடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தேக்கில் இந்த ஆழத்துக்கு 8 மி.மீ. காலட் தாங்குமா, 12 மி.மீ.க்கே போக வேண்டுமா?