எந்த நாட்டுக் ‘கோடீஸ்வரன்’ பார்த்தீர்கள்? வன்னிக்காரர் சிலரின் அனுபவங்கள்

கனகராயன்குளத்திலிருந்து:

‘கோடீஸ்வரன்’ வினாவிடை நிகழ்ச்சியை எந்த நாட்டு வடிவத்தில் பார்த்தீர்கள் என்று நான்தான் கேட்டேன், ஆகவே நானே தொடங்குகிறேன். 2002இல், போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்த பிறகு ஜேர்மனியில் இருந்த சித்தப்பா பதினான்கு வருடத்துக்குப் பின் வீட்டுக்கு வந்தார். மகளின் பிறந்தநாள் விழாவை வீடியோக் கொப்பியாகக் கொண்டுவந்திருந்தார். அப்போது எங்கள் பக்கம் மின்சாரம் கிடையாது. ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்தோம். அயல் சனம் முழுவதும் முற்றத்தில் பாய் விரித்து இருந்தது.

பிள்ளை கேக் வெட்டி முடிய, பழைய பதிவு ஒன்று வெளியே வந்தது. நீல வெளிச்சம், நடுவில் உயரமான இரண்டு நாற்காலிகள், எதிரெதிரே இரண்டு பேர். சித்தப்பா நிறுத்தப் போனார். அம்மம்மா விடவில்லை. “இரு, அந்தப் பெடியன் என்னத்துக்கு இப்பிடி வேர்க்கிறான் எண்டு பாப்பம்.”

அது ஆர்ரிஎல் தொலைக்காட்சியில் 1999 செப்டெம்பரில் தொடங்கிய ‘கோடீஸ்வரன்’. பிரித்தானியாவில் அதற்கு ஒரு வருடம் முன், 1998 செப்டெம்பரில், கிறிஸ் ராரன்ற் நடத்தத் தொடங்கிய நிகழ்ச்சியின் ஜேர்மன் வடிவம். நடத்துபவர் குந்தர் யௌக். அம்மம்மாவுக்கு ஜேர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் நாலாவது, ஐந்தாவது கேள்வி தாண்டியதும் யாரும் சொல்லாமலே, “இப்ப காசு கூடிப்போச்சு” என்றார். எப்படி என்று கேட்டால், “பாட்டு ஏறுது” என்றார். கீத் ஸ்ட்ரேச்சனும் அவர் மகன் மத்தியூவும் அமைத்த அந்தப் பின்னணி இசை கேள்விக்குக் கேள்வி அரைச்சுருதி ஏறிக்கொண்டே போகும்படி செய்யப்பட்டது என்பதை நான் பல வருடம் கழித்துத்தான் வாசித்தேன். உடுக்குச் சத்தத்தில் சாமி வரும் நேரத்தை அறிந்த மனிசிக்கு அது முதல் இரவிலேயே பிடிபட்டிருந்தது.

எனக்கு அன்றைக்குப் பிடிபடாதது வேறு. முதல் கேள்விகளுக்கு அங்கே மண்டபமே சிரித்தது. என்ன பகிடி என்று சித்தப்பாவைக் கேட்டேன். சொல்லித் தர முயன்றார், முடியவில்லை. அவர்கள் தங்கள் பழமொழியையும் பேச்சு வழக்கையும் பிய்த்துத் திருப்பிப் போட்டுத்தான் ஐம்பது, நூறு யூரோக் கேள்விகளைச் செய்வார்களாம். அங்கே பிறந்த குழந்தைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பதினான்கு வருடம் வேலை செய்த சித்தப்பா அதிலேதான் தடுக்கி விழுவாராம். உலக வரைபடம், ஆறுகள், தலைநகரங்கள் என்று எட்டாயிரம், பதினாறாயிரம் யூரோவுக்கு வரும் கேள்விகளுக்கு அவர் சோபாவில் இருந்தபடியே பதில் சொல்லிவிடுவார். “கஷ்டமானது தெரியும், லேசானதுதான் தெரியாது” என்று அவர் சொன்னதை அன்று பகிடி என்றுதான் நினைத்தேன்.

2012இல் விஜய் ரீவியில் சூர்யா ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ நடத்தியபோது எனக்கும் அதே கதி. மீள்குடியேறி, தகரக் கொட்டிலில் இருந்த காலம். பக்கத்து வீட்டில் போய்ப் பார்ப்போம். தமிழில்தான் கேட்கிறார்கள், சினிமாக் கேள்விக்கு எங்கள் வீட்டுச் சின்னதுகள் முந்திக்கொண்டு சொல்லும். ஆனால் தமிழ்நாட்டில் எல்லோரும் அன்றாடம் புழங்குகிற அரசாங்கத் திட்டம், ஊர்ப்பெயர், கட்சிக் கதை என்று வந்தால் வாயைப் பொத்திக்கொண்டிருப்போம். ஆயிரம் ரூபாய்க் கேள்வியில் நாங்கள் வெளிநாட்டுக்காரர்.

எந்த நாட்டு வடிவத்தை எடுத்தாலும் நாற்காலி, வெளிச்சம், இசை எல்லாம் ஒன்றுதான். “இது எல்லாருக்கும் தெரியும்” என்று அவர்கள் நினைத்துக் கேட்கிற அந்த முதல் கேள்வியில்தான் நாடு இருக்கிறது. உங்களுக்கும் அப்படிப் பட்டதா என்று அறியத்தான் கேட்டேன்.

முழங்காவிலிலிருந்து:

அண்ணன் பாரிசில். ரிஎப்1 தொலைக்காட்சியில் ஜோன் பியர் பூக்கோ நடத்திய பிரெஞ்சு வடிவத்திலிருந்து ஒரு துண்டை அனுப்பியிருந்தான். பூமியைச் சுற்றி வருவது எது என்பது கேள்வி. சந்திரன், சூரியன், செவ்வாய், வெள்ளி என்று நாலு விடை. ஆள் யோசிக்கிறார், பிறகு சபையோரைக் கேட்கிறார். சபையில் 56 சதவீதம் பேர் சூரியன் என்றார்கள். அவரும் அதையே சொல்லித் தோற்றுப் போனார்.

அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. சூரியன் எழும்புது, சாயுது என்றுதான் நாங்களும் நாள் முழுக்கக் கதைக்கிறோம். ஆனால் ஒன்று சொல்வேன். வயலுக்கு இரவில் தண்ணீர் கட்டுகிறவன் எவனும் அந்தக் கேள்வியில் பிழை விட மாட்டான். வளர்பிறையா தேய்பிறையா, எத்தனை மணிக்கு நிலவு வரும், வாய்க்காலுக்கு ரோச் லைற் தேவையா என்று நாள் எண்ணித்தான் வெளிக்கிடுகிறோம். சபையோரைக் கேட்கும் வசதி பல நாட்டு வடிவங்களிலும் உண்டு, ஆனால் சபையில் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் அது கிடக்கிறது.

வவுனியாவிலிருந்து:

நான் பார்த்தது அமெரிக்க வடிவம். அதுவும் முழுதாக இல்லை, யூரியூப்பில் ஒரேயொரு காட்சி. 1999 நவம்பரில் ஜோன் கார்பென்ரர் என்ற வரித் திணைக்கள ஊழியர் பத்து இலட்சம் டொலர் கேள்விக்கு வந்து நிற்கிறார். அதுவரை ஒரு உதவியையும் தொடவில்லை. கடைசிக் கேள்வியில் அப்பாவுக்குப் போன் எடுக்கச் சொல்கிறார். முப்பது விநாடி. அப்பாவிடம் விடை கேட்கவேயில்லை. உங்கள் உதவி தேவையில்லை, நான் வெல்லப் போகிறேன் என்று சொல்லத்தான் எடுத்தேன் என்கிறார்.

அதை நான் எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது. 2009இல் செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தபோது கனடாவில் இருந்த அண்ணாவோடு முதன்முதல் கதைக்க எனக்கும் அவ்வளவு நேரம்தான் கிடைத்தது. இன்னொருவருடைய போன், பின்னால் வரிசை. என்னென்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். “அண்ணா, நாங்கள் நாலு பேரும் இருக்கிறம்” என்றதோடு குரல் அடைத்துவிட்டது. அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. மிச்ச நேரம் முழுக்க இரண்டு பேரும் மூச்சு விடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எந்த நாட்டு வடிவத்திலும் போன் மணி அடிக்கும்போது நான் விடையைக் கவனிப்பதில்லை. எடுக்கிறவர் யார், முதல் சொல் என்ன என்றுதான் பார்ப்பேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ரீவியில் எல்லோரும் சிரிக்கும்போது அவள் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பாள். அதனால் வினாவிடை நிகழ்ச்சி என்றால் அவளுக்குப் பிடிக்கும், எழுத்து திரையில் வருகிறதல்லவா.

கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய ‘கோடீஸ்வரி’ பெண்களுக்கு மட்டுமான வடிவம். 2019 டிசெம்பரில் தொடங்கியது. அதில் மதுரையிலிருந்து வந்த கௌசல்யா கார்த்திகா, காது கேளாத, வாய் பேசாத பெண், 2020 ஜனவரியில் ஒரு கோடி வென்றார். முதல் பத்து நிமிடம் என் மகள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை என்பதே எனக்குப் பிறகுதான் உறைத்தது. திரைக்குக் கிட்டப் போய்ச் சப்பாணி கட்டி இருந்தாள். கேள்வி வந்ததும் தொடையில் விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தட்டிப் பார்ப்பாள், ஒன்றைப் பிடித்துக்கொள்வாள்.

கடைசிக் கேள்விக்குப் பின் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அவள் திரும்பி, இரண்டு கையையும் உயரத் தூக்கி விரல்களை ஆட்டினாள். சைகை மொழியில் அதுதான் கைதட்டல். நாங்களும் தட்டுவதை விட்டுவிட்டு அப்படியே ஆட்டினோம். சுவரில் எங்கள் நிழல் எல்லாம் ஆடியது.

வேறு நாட்டு வடிவங்களை நான் பார்த்ததில்லை. எனக்கு இது போதும்.

பரந்தனிலிருந்து:

சிரச என்ற சிங்களத் தொலைக்காட்சியில் வரும் ‘ஒபத லக்‌ஷபதி மமத லக்‌ஷபதி’ பற்றி ஒருவரும் எழுதவில்லையே! எனக்குச் சிங்களம் வாசிக்க வந்தது அதால்தான். கேள்வியைத் திரையிலும் போடுகிறார்கள், நடத்துபவர் நிறுத்தி நிறுத்தி வாசிக்கவும் செய்கிறார், பிறகு நாலு விடையும் அப்படியே. கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டுவேன். 2021 தொடக்கத்தில் காலி மாவட்டத்து மாணவி சுக்ரா முனவ்வர் அதில் இருபது இலட்சம் ரூபாய் வென்றபோது, அந்தப் பிள்ளை விடைக்குக் காரணம் சொல்லிச் சொல்லிப் போன விதத்தைப் பார்த்து எங்கள் வீட்டில் ஒருத்தரும் சாப்பிட எழும்பவில்லை. அரைவாசிதான் விளங்கியது. அதுவும் எனக்கு அப்போது பெரிய காரியம்.

கனகராயன்குளத்திலிருந்து, மறுபடியும்:

ஒட்டுசுட்டான் அம்மா எழுதியதை வாசித்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தேன். மகளிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

முதல் கேள்வியைப் பற்றி எழுதினேன். கடைசிக் கேள்வியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கார்பென்ரரிடம் கேட்ட கடைசிக் கேள்வி ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் தோன்றிய அமெரிக்க ஜனாதிபதி யார் என்பது. விடை நிக்சன். பிரித்தானியாவில் 2000 நவம்பரில் முதன்முதல் பத்து இலட்சம் பவுண் வென்ற ஜூடித் கெப்பலிடம் கேட்டது அக்விரேன் நாட்டு எலினோரை மணந்த இங்கிலாந்து மன்னன் யார் என்று. விடை இரண்டாம் ஹென்றி. அதே வருடம் இந்தியாவில் அமிதாப் பச்சன் முன்னால் முதல் கோடியை வென்ற ஹர்ஷ்வர்தன் நவாதேயிடம் கேட்டது அரசியலமைப்பின்படி பாராளுமன்ற நடவடிக்கையில் யார் பங்குபற்றலாம் என்று. விடை சட்டமா அதிபர். மூன்று நாட்டிலும் உச்சிக்கு வந்தவரை மறித்து, உன்னை ஆண்டது யார், ஆள்வது எது என்று கேட்டிருக்கிறார்கள். ஜேர்மன்காரர் மட்டும் வேறு வழி. அங்கே முதலில் வென்ற வரலாற்றுப் பேராசிரியரிடம் ஹிலாரியோடு எவரெஸ்ற் உச்சியில் நின்றது யார் என்று கேட்டார்கள். டென்சிங்.

இதை மனதில் வைத்துத்தான் எங்கள் படிப்பகத்தில் பிள்ளைகளுக்கு ‘வன்னிக் கோடீஸ்வரன்’ நடத்தினோம். இரண்டு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு ஒலிபெருக்கி, பரிசாகக் கொப்பியும் பையும் குடையும். முதல் கேள்வி, முறிகண்டியில் வாகனம் நின்றதும் என்ன வாங்குவார்கள்? கேள்வி முடியுமுன்னமே முப்பது பிள்ளைகள் சேர்ந்து “கச்சான்!” என்று கத்தினார்கள். அன்றைக்கு ஜேர்மன் மண்டபம் சிரித்த சிரிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டாவது, இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆறு எது? எங்கள் ஊர்ப் பெயரைச் சுமக்கும் ஆறு என்பதால் அதிலும் ஒருவரும் தவறவில்லை.

உதவிகளில் ஜேர்மன் வடிவத்தில் பின்னாளில் சேர்த்த ஒன்றை எடுத்துக்கொண்டோம். என் கணக்கில் எல்லா நாட்டுக்காரரும் செய்த மாற்றங்களிலே சிறந்தது அதுதான். பிறகு பிழையாகச் சொன்னாலும் பதினாறாயிரம் யூரோ மிஞ்சும் என்ற பாதுகாப்பை விட்டுக்கொடுத்தால் போட்டியாளருக்கு நாலாவது உதவி ஒன்று உண்டு. விடை தெரியும் என்று நினைக்கிறவர்கள் சபையில் எழும்பி நிற்பார்கள். அவர்களில் ஒருவரை முகத்தைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்தாள். கற்சிலைமடுவில் 1803 ஒக்டோபர் 31இல் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டான் என்று சொல்லும் கல்லில், தோற்கடித்தவராகப் பொறித்த பெயர் யாருடையது? பிள்ளைக்குத் தெரியவில்லை, நாலாவது உதவியைக் கேட்டாள். மூன்று பேர் எழும்பினார்கள். ஒரு ஆசிரியர், பல்கலைக்கழகத்துப் பெடியன் ஒருவன், பின்வரிசையில் மீன் பெட்டியோடு நின்ற மனிசி. பிள்ளை மூன்று முகத்தையும் நன்றாகப் பார்த்துவிட்டு மீன்கார அம்மாவைக் காட்டினாள்.

“கப்டன் ட்ரிபேர்க்” என்றார் அவர். “நான் பள்ளிக்கூடம் போற வழியில அந்தக் கல்லு. மழைக்கு அதுக்குப் பக்கத்தில ஒதுங்கி நிண்டு எழுத்துக்கூட்டின்னான்.”

வருகிற தை மாதம் அடுத்தது நடத்த யோசனை. முதல் ஐந்து கேள்விகள்தான் போதாமல் கிடக்கிறது. உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது ஒன்றை, நாலு விடையோடு எழுதிவிடுங்கள்.

முள்ளியவளையிலிருந்து:

இதோ ஒன்று. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு, விளக்கெரிக்கும் உப்புத் தண்ணீர் எங்கே எடுக்கப்படுகிறது?

அ) நந்திக்கடல்
ஆ) சிலாவத்தைக் கடல்
இ) முத்தையன்கட்டுக் குளம்
ஈ) பேராறு

கோயில் நந்திக்கடல் கரையில் இருக்கிறதே என்று வெளியூர்க்காரர் ‘அ’ சொல்லுவினம். எங்கட பிள்ளையள் சொல்லாயினம்.