கிளினிக் டாக்டரும் ஆய்வும்: ஆடிட்டில் தொடங்கலாமா?

(சீட்டுக்கட்டு, பிழைவரம்பு, கமிட்டி மேசை என்ற புனைபெயர்களில் மூன்று பேர் பேசிக்கொள்கிறார்கள்.)

சீட்டுக்கட்டு: தனி கிளினிக் வைத்திருப்பவர் ஆய்வுக்குள் வர ஆடிட்தான், அதாவது நம் சிகிச்சை தரமாக இருக்கிறதா என்று நம் பதிவுகளை வைத்தே சரிபார்ப்பதுதான், சுலபமான வழி. கேள்வி ஒன்றே ஒன்று: பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 140/90க்குக் கீழே இருப்பவர் எத்தனை பேர்? அடுத்தடுத்து வரும் 100 பேரின் வயது, பாலினம், மாத்திரை, கடைசி ரீடிங், தேதியை எக்செல்லில் ஏற்றுங்கள். பெயர் வேண்டாம், வரிசை எண் போதும்.

பிழைவரம்பு: 100 பேரில் 50 என்று வந்தால் உண்மை 40ஆகவும் இருக்கலாம், 60ஆகவும் இருக்கலாம். 5 சதவீதத்துக்குள் பிழையை அடக்க 385 பேர் வேண்டும். அதைவிட மோசம் ரீடிங். பழைய சீட்டுகளைப் புரட்டுங்கள், 130, 140, 150 என்று எல்லாம் பூஜ்யத்தில் முடியும். உங்கள் எல்லைக்கோடே 140. ரீடிங்கை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ரவுண்டாக்கினால் விடையே மாறும்.

சீட்டுக்கட்டு: அதைக் கண்டுபிடிக்கத்தானே ஆடிட்! 5 நிமிடம் உட்கார வைத்து, கைக்கேற்ற கஃப் கட்டி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு ரீடிங் எடுத்து, சராசரி எழுதட்டும். மூன்று மாதம் கழித்து இரண்டாம் சுற்று.

பிழைவரம்பு: அங்கேதான் சறுக்கும். அளக்கும் முறையையும் மாற்றிவிட்டு, சிகிச்சையால் குறைந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? அதிகம் இருந்தவர்களை மட்டும் திரும்ப அளந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரி இறங்கும்; அன்று தற்செயலாக ஏறிய ரீடிங் மறுமுறை வழக்கமான அளவுக்குத் திரும்பிவிடும். திரும்பி வராதவர்கள் கணக்கிலேயே இல்லை.

கமிட்டி மேசை: இடையில் ஒன்று. ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 ஆய்வு நெறிமுறை வழிகாட்டியில் தர ஆடிட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்கு தருவது ஆய்வு நெறிமுறையைப் பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டி, டாக்டர் அல்ல. பிரசுரிக்கும் எண்ணம் துளி இருந்தாலும் முதல் சீட்டை எடுக்கும் முன்பே விண்ணப்பியுங்கள். முடித்துவிட்டு வந்து கேட்டால் கிடைக்காது. சொந்தக் கமிட்டி இல்லையென்றால் பக்கத்து மருத்துவக் கல்லூரியோடு ஒப்பந்தம் போடலாம். சிகிச்சையை ஒப்பிடும் சோதனை என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு. 2018 ஏப்ரல் 1க்குப் பிறகு பின்பதிவு கிடையாது.

சீட்டுக்கட்டு: தனி ஆள் சாதிக்க முடியாது என்பதை ஏற்கமாட்டேன். இங்கிலாந்தின் வென்ஸ்லிடேலில் வில்லியம் பிக்கிள்ஸ் கிராம டாக்டர்தான். 1929இல் மஞ்சள் காமாலை பரவியபோது யார் யாரைச் சந்தித்தார்கள் என்று குறித்தே நோய் வெளிப்பட ஆகும் காலத்தைக் கணக்கிட்டார்.

பிழைவரம்பு: அவர் கேட்டது ஊர் டாக்டருக்கு மட்டுமே விடை தெரியக்கூடிய கேள்வி. உங்கள் பி.பி. சதவீதம் அப்படியா? ஆறு கிளினிக் சேர்ந்து ஒரே படிவத்தில் 65 பேர் வீதம் எடுங்கள், 390 ஆகிவிடும்.

கமிட்டி மேசை: ஆகாது சார். ஒரே டாக்டரின் நோயாளிகள் ஒரே சாயலில் இருப்பார்கள். 0 முதல் 1 வரையான அளவில் அந்த ஒற்றுமை 0.05 என்று வைத்தால் 390ஐ 4.2ஆல் (1 + 64 × 0.05) வகுக்கணும். சம்பந்தமில்லாத தனித்தனி ஆட்கள் கணக்கில் மிஞ்சுவது 93.

சீட்டுக்கட்டு: அட, என் 100ஐ விடக் குறைவு!

பிழைவரம்பு: சரி, ஆளைக் கூட்டாமல் கிளினிக்கைக் கூட்டுங்கள். 20 கிளினிக், ஒவ்வொன்றிலும் 20 பேர். அதே கணக்கில் 205 தேறும். படிவத்தில் ‘திரும்ப வரவில்லை’ என்று ஒரு கட்டமும் சேர்த்துவிடுங்கள்.